பண்டிதர் இடுப்பில் கட்டிய கயிறு

வேலங்கரை நாட்டு அரசவையில் அபயநிதிப் பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். பயத்தை ஒழிப்பது எப்படி என்று ஆயிரத்து இருநூறு பாட்டில் ஒரு நூல் செய்தவர். தூறல் விழுந்தால் பல்லக்கை விட்டு இறங்கமாட்டார். தெருநாய் குரைத்தால் திரையை இழுத்து விட்டுக்கொள்வார். வெளியே தலை காட்டாத மனிதருக்குப் பாட்டு எழுத நேரம் கிடைத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மன்னர் சடைவேல்மாறனுக்கு அந்த நூல் என்றால் உயிர். படித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த ஆண்டு முத்துக்குளிக்கும் காலம் வந்தும் நான்கு நாளாகப் படகுகள் கரையிலேயே கிடந்தன. குளிகாரர்களின் தலைவன் கடலாண்டி, அடிநீரோட்டம் சரியில்லை, யாரும் இறங்கவேண்டாம் என்று சொல்லியிருந்தான். மன்னர் அவனை வரவழைத்து, பயமா என்று கேட்டார்.

"ஆமா மகாராஜா. முப்பது வருசமா இடுப்புல கயிறு கட்டும்போதெல்லாம் பயந்தான். பயமில்லாம குதிச்ச மூணு பேரைப் பொணமா தூக்கியாந்திருக்கேன். பயந்து பயந்து இறங்கினதுலதான், எந்தக் காத்துக்கு அடியில தண்ணி எப்படி ஓடும்னு கத்துக்கிட்டேன்."

மன்னர் முகம் சுளித்தார். பண்டிதர் எழுந்தார். கோழை தலைவனாக இருந்தால் முத்து எப்படி வரும் என்று கேட்டு, அந்தப் பதவியைத் தமக்குத் தந்தால் நாளைக் காலையே நாற்பது குளிகாரர்களையும் கடலில் இறக்கிக் காட்டுவதாகச் சொன்னார். மன்னர் உடனே தந்துவிட்டார். நாளைக்கு இறங்கினால் பாதிப் பேர் திரும்பமாட்டார்கள் என்று கடலாண்டி மன்றாடினான். காவலர்கள் அவனை வெளியே தள்ளினார்கள்.

மன்னருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் சாத்தையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவையில் வாயைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஒரே ஆள் அவன். அன்று என்னவோ பண்டிதரை வாயாரப் புகழ்ந்தான். பிறகு, தலைவர் முதலில் இறங்கிய பிறகே மற்றவர்கள் இறங்குவது கடற்கரை வழக்கம் என்று பணிவாக நினைவூட்டினான். மன்னர், அதுதான் முறை என்றார். அவை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பண்டிதரால் மறுக்க முடியுமா?

காலையில் மன்னரும் அவையோரும் உட்பட ஊரே கடற்கரையில் கூடிவிட்டது. பண்டிதர் தம் பாட்டில் பத்தைப் பாடினார். இன்னும் பத்தைப் பாடப் பார்த்தார். சாத்தையன் விடவில்லை, இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டான்.

"மறுமுனையைப் பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன்தான், சுவாமி. அக்காள் தங்கை தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் அல்லவா? கயிறு அசைந்ததும் இழுத்துவிடுவான். உங்கள் மைத்துனர் அதோ இருக்கிறாரே."

மைத்துனர் சிவக்கொழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உற்சாகமாக முன்னே வந்தார். அந்த நூலில் பாதிப் பாட்டு அவர் எழுதியது. பண்டிதர் எல்லாவற்றையும் தம் பெயரில் போட்டுக்கொண்டு, அவர் வாய் திறந்ததும் அரண்மனை வேலையை விட்டே துரத்தியிருந்தார். கயிற்றுக்குக் கைநீட்டிய அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பண்டிதர் கயிற்றை இழுத்துத் தம் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேறு ஆள் வேண்டும்" என்றார்.

யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றான் சாத்தையன். பண்டிதர் அமைச்சரைப் பார்த்தார். போன மாதம்தான் அவரைப் பற்றிக் கோள் சொல்லியிருந்தார். சேனாபதியைப் பார்த்தார். அவரை மூடர் என்று அவையில் வைத்தே சொன்னது ஞாபகம் வந்தது. சீடர்களைப் பார்த்தார். அவர்கள் ஆவலோடு நெருங்கி வந்ததே பயமாக இருந்தது. ஆயிரத்து இருநூறு பாட்டில் ஒன்றுகூட அந்த நேரத்தில் நாக்குக்கு வரவில்லை. கடைசியில் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கடலாண்டியை நோக்கி விரலை நீட்டினார்.

"அவன் பிடிக்கட்டும்."

"அந்தக் கோழையா?" என்றான் சாத்தையன்.

"அவனுக்குத்தானப்பா எப்போது இழுக்கவேண்டும் என்று தெரியும்" என்று கத்தினார் பண்டிதர்.

கடலாண்டி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். ஒரு கணம் கடலைப் பார்த்தான். "நான் பிடிச்சாலும் இன்னிக்கு இறங்கக் கூடாது சாமி" என்றான்.

பண்டிதர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை யார் சொல்லையும் அவர் இவ்வளவு பக்தியோடு கேட்டதில்லை.

சாத்தையன் மன்னர் பக்கம் திரும்பினான்.

"மகாராஜா, தம் ஒரு உயிரை ஒப்படைக்கப் பண்டிதர் ஊரையே சலித்து இவனைத்தான் பொறுக்கினார். நாற்பது பேர் உயிருக்கு மட்டும் பண்டிதர் போதுமா?"

மன்னர் சிரித்தார். சிரித்துக்கொண்டே படகுகளைக் கரைமேல் ஏற்றச் சொன்னார். தம் தோளில் இருந்த பட்டுத்துண்டைச் சாத்தையனுக்குப் போட்டார். பிறகு கடலாண்டியின் அருகில் போய், எல்லோர் முன்னிலையிலும், "எந்த நாளில் இறங்கலாம் என்று நீயே சொல். அதுவரை நான் காத்திருக்கிறேன்" என்றார்.