செல்லக்கனி வீட்டுக் காப்பி

கரட்டுப்பட்டி ஊர்ப்பொது மந்தையில் ஜீப்பை விட்டு இறங்கிய வரைபட அதிகாரி தணிகாசலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடியிருந்த ஊராரிடம் சொன்னார்: "ஒவ்வொரு வீட்டையும் அளந்து மேப்புல ஏத்தியாச்சு. பத்தடிகூடப் பிசகாது. எல்லாம் சரின்னு கைநாட்டு வைங்க."

ஆடு மேய்க்கும் செல்லக்கனி மட்டும், "என் வீடு தப்பான எடத்துல இருக்கு சார்" என்றாள்.

"எழுத்தே தெரியாத நீ மேப்புல தப்புக் கண்டுபிடிக்கிறியா? எங்க, நிரூபிச்சுக் காட்டு!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். செல்லக்கனி சிரிக்கவில்லை. "நிரூபிக்க எனக்கென்ன தெரியும் சார்? மேப்புல என் வீடு இருக்கிற எடத்துக்கு வாங்க. காப்பியோட காத்திருக்கேன். நீங்க குடிச்சதும் கைநாட்டு வைக்கிறேன். ஆனா, யார்கிட்டயும் வழி கேக்கக் கூடாது."

அதிகாரி செல்போனைப் பார்த்தபடியே ஜீப்பில் வந்தார். 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று போன் சொன்ன இடம் மயானம். ஈரம் காயாத மண்மேட்டுக்குப் பக்கத்தில், தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள் செல்லக்கனி.

"சரியாத்தான் வந்திருக்கீங்க சார். போன வாரம் ஆம்புலன்சும் இங்கதான் வந்து நின்னுச்சு. அங்க என் வீட்டுக்காரரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. மறுநாள் அவரும் இங்கயே வந்துட்டாரு."

காப்பியை ஆற்றி நீட்டினாள். அதிகாரி டம்ளரை வாங்கினார். வாயில் வைக்க முடியவில்லை.

"குடிங்க சார், மேப்புப்படி இதுதானே எங்க வீடு" என்றவள், பெருவிரலை நீட்டினாள். "கைநாட்டு எங்க வைக்கணும்?"