நெஞ்சில் நீர் சுமந்த கல்கவுதாரி

அந்தக் காலத்தில், பறவையும் மனிதனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, தார்ப் பாலையில் பாலர்கோட் என்றொரு கோட்டை இருந்தது. அதை ஆண்டவர் ராவ் பூன்பால். அவரிடம் வாள் உண்டு, குதிரை உண்டு. குலப்பெருமைதான் கொஞ்சம் இடித்தது. அவருடைய பாட்டனார் எங்கிருந்தோ வந்து அந்தக் கோட்டையைக் கட்டியவர். சூரிய குலம், சந்திர குலம் என்று மார்தட்டும் பக்கத்து ராஜபுத்திர அரசர்கள், "நேற்று முளைத்த குலம்" என்று பெண் கொடுக்க மறுத்தார்கள்.

ராவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வம்சம் சொல்லாத ஜீவன் என் குளத்தில் ஒரு வாய் தண்ணீர் எடுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வம்சம் விசாரிக்கும் வேலை ஈசருக்கு வந்தது. ஈசர் அரண்மனையில் குலவரிசை பாடும் சாரணர். அடுத்தவர் கதை கிடைத்தால் அவருக்குச் சோறு வேண்டாம்.

மயில் வந்து சூரியனைச் சொன்னது. மான் வந்து சந்திரனைச் சொன்னது. மெய்யோ புளுகோ, யார் கண்டது? ஈசர் இரண்டுக்கும் வழிவிட்டார்.

பிறகு ஓர் ஆண் கல்கவுதாரி வந்தது.

"உன் குலம் என்னப்பா?"

"தெரியாது, பாவலரே. குஞ்சுகள் மூன்று பாலையில் தாகத்தில் கிடக்கின்றன, இன்னும் பறக்கத் தெரியாது. ஒரு வாய் மொண்டுகொண்டு போகிறேனே?"

"உத்தரவு இல்லையே" என்றார் ஈசர்.

பறவை யோசித்தது. "குளிக்கலாமா?"

"குளிப்பதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை."

கல்கவுதாரி நெஞ்சளவு தண்ணீரில் இறங்கியது. அலகை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, நெடுநேரம் ஊறிவிட்டுப் பறந்தது. மறுநாளும் அப்படியே. பிள்ளைகள் சாகக் கிடக்கும்போது இதற்கென்ன குளியல்? ஈசருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒட்டகத்தில் ஏறிப் பின்னாலேயே போனார். அங்கே மூன்று குஞ்சுகளும் தகப்பனின் நெஞ்சிறகில் அலகை நுழைத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சேதி எப்படியோ ராவின் காதுக்கும் எட்டியது. மூன்றாம் நாள் அவரே படியில் வந்து நின்றார்.

"திருட்டுப் பறவையே, நீ யார் மகன்?"

"அது தெரியாது, அன்னதாதா. மூன்று பேருக்குத் தகப்பன், அது தெரியும்."

ராவின் கை வாளுக்குப் போனது. ஈசர் குறுக்கே வந்து நின்றார். பிழைப்பு போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"உங்கள் பாட்டனாரும் இங்கே வந்தபோது, தான் யார் மகன் என்று சொல்லவில்லை, அன்னதாதா. தாகத்தில் துவண்ட தன் பிள்ளைகளைத்தான் காட்டினார். ஆடு மேய்த்தவர்கள் குலம் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் உங்கள் தகப்பனார். உங்கள் குலம் சூரியனில் தொடங்குவதாக நான் பாடும் பாட்டை என் அப்பா பிற்பாடு கட்டினார்."

ராவின் கை வாளிலிருந்து தானாக இறங்கியது.

"குடி" என்றார் பறவையிடம். "உன் பிள்ளைகளுக்கும் கொண்டு போ."

கல்கவுதாரி வாய் நிறைய மொண்டுகொண்டு போனது. குஞ்சுகளோ அதைத் தொடவில்லை, அப்பனின் நெஞ்சைத்தான் தேடின.

அன்று முதல்தான் ஆண் கல்கவுதாரி நெஞ்சை நனைத்துக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் சுமக்கிறது. யார் மகன் என்று எந்தக் குளக்கரையிலும் அதை யாரும் கேட்பதில்லை.