இங்கே பாலன் இல்லை

"எங்க வெச்சோம்னு எங்களுக்கே தெரியாது சாமி," என்றார் வியாகுலம் அண்ணன். பங்குச் சாமியாரிடம் சொன்னபோது முகத்தில் அவ்வளவு பெருமை.

சாயங்காலம் கிறிஸ்துமஸ் பூசை. குடிலில் மாதா இருக்கிறார், சூசையப்பர் இருக்கிறார், மாடு, கழுதை, காது உடைந்த ஆடுகூட இருக்கிறது. நடுவில் வைக்கோல் தொட்டி மட்டும் காலி. குழந்தை யேசு சொரூபத்தைக் காணோம்.

எங்கள் சிப்பிமுனையில் பாலன் யேசுவை முன்கூட்டியே குடிலில் வைக்கும் பழக்கம் கிடையாது. பூசையில் வானவர் கீதம் பாடி மணி அடிக்கும்போதுதான் வைப்பார்கள். அதுவரை ஒளித்து வைப்பது குடில் கமிட்டியின் வேலை. கமிட்டி என்றால் மூன்று பேர்: தலைவர் வியாகுலம் அண்ணன், இஞ்ஞாசி, தொம்மை. வேறு யாரும் சேரவில்லை. சேர்ந்தால் இவர்களோடு பேச வேண்டியிருக்குமே.

"யாருக்கும் தெரியாத இடத்துல வைன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் வியாகுலம் அண்ணன். "யாருக்கும்னா அதுல நாங்களும் அடக்கம்தான சாமி?"

அதனால் தொம்மையின் கண்ணைத் துண்டால் கட்டி, நாலு சுற்று சுற்றிவிட்டு, பாலனையும் மண்வெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். புதைத்துவிட்டுத் திரும்பிய தொம்மை நேராகக் கடலுக்குள் போய் இடுப்புத் தண்ணீரில் நின்று கத்தினான். வேலை முடிந்தது என்று தெரிந்தது அப்படித்தான்.

"எதுலடா புதைச்சே?" என்றார் சாமியார்.

"மணல்ல சாமி."

எங்கள் ஊரே மணல்தான்.

தொம்மைக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதே நாளில் அவன் கழுத்துச் செயினும் தொலைந்துவிட்டது. பெண் வீட்டில் நிச்சயத்துக்குப் போட்ட தங்கச் செயின். பெண்ணின் அப்பா கயத்தான் மாமா பக்கத்து ஊர்க்காரர், முறுக்கின மீசை. "கிறிஸ்துமஸ் பூசைக்கு வருவேன். கழுத்துல செயின் இல்லைன்னா கல்யாணமும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து தொம்மை சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் செலஸ்தீனா என்றால் அவனுக்கு உயிர்.

சாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "போய்த் தோண்டுங்கலே! பாலன் கிடைக்கிற வரைக்கும் வேற எதுலயும் கை வைக்கக் கூடாது!"

போனார்கள். தோண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இஞ்ஞாசியின் மண்வெட்டியில் ஏதோ மின்னியது. செயின்!

கிறிஸ்துமஸ் கதை என்றால் யாரும் எதிர்பார்க்காத அதிர்ஷ்டம் ஒன்று கடைசியில் வந்தாக வேண்டுமாம். எங்கள் ஊரில் அது பாதியிலேயே வந்துவிட்டது. வந்ததை இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

"தொடாதே! சாமி என்ன சொன்னாரு?" என்றார் வியாகுலம் அண்ணன்.

"வேற எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னாரு," என்றான் இஞ்ஞாசி.

"செயின் பாலனா?"

"இல்லை."

"அப்ப வேற எதுதான?"

தொம்மை மெதுவாக இழுத்தான். "அண்ணே, குனிஞ்சு பாலனைப் புதைக்கையிலதான் செயின் கழன்று விழுந்திருக்கும்..."

"இருக்கும். அப்ப இது செயின் விழுந்த இடம். நாம தேடுறது பாலன் இருக்கிற இடம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"தலைவர்னா சும்மாவா!" என்றான் இஞ்ஞாசி.

தொம்மை அழுதுகொண்டே காலால் மணலைத் தள்ளி மூடினான். மறுபடி இங்கேயே தோண்டி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பலகையில் எழுதி நட்டார்கள்: 'இங்கே பாலன் இல்லை.' பிறகு கடற்கரை முழுக்கக் குழி வெட்டினார்கள்.

அப்பாவுக்கு முன்னால் ஓடி வந்தாள் செலஸ்தீனா. இந்தக் கதையில் மூளை உள்ள ஆள் அவள்தான். தொம்மையிடம் என்னத்தைக் கண்டாளோ, எனக்குத் தெரியாது.

"செயின் கிடைச்சிச்சா மச்சான்?"

"கிடைச்சிட்டு. அங்கன பலகைக்குக் கீழ பத்திரமா கிடக்கு."

அவள் பலகையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உட்கார்ந்து கையாலேயே மணலை அள்ளினாள். செயின் வந்தது. அதற்குக் கீழே பாலனின் கால் விரல் வந்தது.

செயினை அவன் கழுத்தில் மாட்டினாள். பாலனை அவன் கையில் திணித்தாள். "நான் சொல்லுத வரைக்கும் இதைக் கைய விட்டு இறக்காதீங்க, புரியுதா?"

தொம்மை தலையாட்டினான்.

கயத்தான் மாமா வந்தார், செயினைப் பார்த்தார், மீசையை நீவினார். பூசைக்கு முன்பே, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வானவர் கீதம் தொடங்கியது. மணி அடித்தது.

"தொட்டியில வைடா," என்றார் சாமியார்.

"செலஸ்தீனா சொல்லணும் சாமி."

பெண்கள் பக்கத்திலிருந்து செலஸ்தீனா எழுந்தாள். கயத்தான் மாமா பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினார். ஓலை வாசித்த பிறகு தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளையிடம் பேசக் கூடாது. அது அவர்கள் ஊர் வழக்கம்.

என்ன செய்ய? சனம் வரிசையில் நின்று தொம்மையின் கையிலேயே பாலனை முத்தமிட்டு முத்தி செய்தது. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு ராஜா சொரூபங்கள் குடிலுக்கு வந்து காலித் தொட்டியைக் கும்பிட்டன. தொம்மை ஒரு கையால் வலை இழுத்தான், ஒரு கையால் சோறு தின்றான். சாமியார் ஒருநாள் பிடுங்கப் பார்த்தார். "பொண்டாட்டியாகப் போறவ பேச்சை இப்பவே மீறச் சொல்லுதீகளா?" என்று கமிட்டி குறுக்கே படுத்துவிட்டது.

தை மாதம் கல்யாணம். கோட்டு, சூட்டு, மாலை, இடுப்பில் பாலன். "மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு போல" என்று வெளியூர்க்காரர்கள் கிசுகிசுத்தார்கள்.

தாலி முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும்.

செலஸ்தீனா கண்ணால் பாலனைக் காட்டினாள், தரையைக் காட்டினாள். தன்னை ரசிக்கிறாள் என்று நினைத்துத் தொம்மை வெட்கப்பட்டான்.

"பொண்ணு ஒரு வார்த்தை சொல்லட்டும், தாலி ஏறிரும்," என்றார் வியாகுலம் அண்ணன்.

"தாலி ஏறட்டும், ஒம்பது வார்த்தை சொல்லுவா," என்றார் கயத்தான் மாமா.

இரண்டு பேரும் நியாயம் பேச முன்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளியே பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"தாலியைக் கட்டுப்பா," என்றார் சாமியார், கெஞ்சாத குறையாக.

தொம்மை பாலனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.