இரண்டாம் தரம் வந்த அக்கி

கோமதிநாயகத்தின் விலாவில் அக்கி வந்தபோது வீட்டில் ஒருத்தரும் அசரவில்லை. பரோட்டா மாஸ்டர் அல்லவா? பொழுதெல்லாம் கொதிக்கிற கல்லின் முன்னால் நிற்பவனுக்கு உடம்பில் சூடு ஏறாமல் என்ன செய்யும்? பானை செய்யும் வேளார் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதினார்கள். கொப்புளம் உலர்ந்தது. தானாகவே உலரக்கூடியது என்று யாருக்குத் தெரியும்? எழுதியதால்தான் போனது என்று வீடே நம்பியது.

வருஷம் திரும்புவதற்குள் மறுபடி முதுகில் அக்கி. கை கால் முழுக்கச் சின்னச் சின்னப் பருக்களாகக் கிளம்பி அரித்தது. சொறிந்த இடமெல்லாம் கறுத்தது. மூக்கோரம் செதில் உதிர்ந்தது. இளநீரும் எண்ணெய்க் குளியலுமாகக் காலம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனான். "இந்தச் சின்ன வயசுல அக்கி ரெண்டாம் தரம் வந்தா சும்மா விடக் கூடாதுப்பா. எச்.ஐ.வி. இருக்கான்னு ரத்தம் பார்த்திரலாம்," என்றார் அவர். கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் திரிந்த நாட்கள் அவனுக்கு நினைவுக்கு வந்தன. வீட்டில் மனைவி பேச்சியம்மாளுக்கு ஆறாம் மாசம். நாளைக்கு வருகிறேன் என்று ஓடி வந்துவிட்டான். வயிற்றுப் பிள்ளையை நினைக்க நினைக்கப் பயம் கூடியது. மறைக்க முடியாமல் டாக்டரம்மா சொன்னதை வீட்டில் சொல்லிவிட்டான்.

தாய் சின்னத்தாய், "பயப்படாதய்யா. எல்லாம் அடுப்புச் சூடு. இன்னொரு தரம் எழுதினாச் சரியாப் போகும்," என்றாள்.

பேச்சியின் தம்பி இசக்கி, "பயப்படாதீங்க அத்தான். மாசமானதும் அக்காவுக்கு அந்த டெஸ்ட் எடுத்தாங்களே, இல்லைன்னுதானே வந்தது? அவளுக்கு இல்லைன்னா உங்களுக்கு மட்டும் எப்படி இருக்கும்?" என்றான். அதைக் கேட்டதும் கோமதிநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குப் பயமா இருக்கு. கை காலெல்லாம் நடுங்குது. வாங்க, இப்பவே போவோம். எனக்கும் திரும்பப் பார்க்கணும்," என்றாள்.

மூவருமே அவன் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். இருவர் தைரியம் சொன்னார்கள், ஒருத்தி பயந்து நடுங்கினாள். சொல்லுங்கள், யார் பேச்சை அவன் கேட்க வேண்டும்?

பயந்தவள் பேச்சைத்தான். இசக்கி சொன்னது அக்காவின் ரத்தத்தைப் பற்றி. அத்தானின் ரத்தத்தை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. ஒருவருக்கு இருந்தும் துணைக்குத் தொற்றாமல் இருக்கலாம், பிறகு தொற்றவும் செய்யலாம். அரிப்பு வந்தவர்களுக்கெல்லாம் அந்த நோய் என்று இல்லை. ஆனால் இளம் வயதில் இத்தனையும் சேர்ந்து வந்தால் ரத்தம் பார்க்காமல் இருக்கக் கூடாது. பார்த்தார்கள். அவனுக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. அவனுக்கு உடனே கிருமியை அடக்கும் மாத்திரை தொடங்கினார்கள். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தால், நோய் அவளுக்கும் தொற்றி, அந்த மாத்திரையை அவளுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே எழுத வேண்டி வந்திருக்கலாம்.