மொட்டைமாடியிலிருந்து பதினொரு படி

சளப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் சளப். ஈரக்கால் தரையில் பதிகிற சத்தம்.

குணாளன் ஒலிப்பதிவு அறையின் கதவைத் தள்ளினார். உள்ளே பிலோமினா மண்டியிட்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது. இரண்டு வாரமாக அந்தக் கைகள்தான் ஒரு செத்தவளின் பாதங்கள்.

காலடி, கதவு, மழை என்று படங்களுக்குச் சத்தம் செய்து தருவது அவர் தொழில். இயக்குநர் குணாளன் அவரைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் சத்தத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

குணாளனின் தொலைக்காட்சித் தொடரில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிச் செத்தவள் தினமும் பதினொரு படி இறங்கித் தன் வீட்டு வாசலுக்கு வருகிறாள். முதல் எபிசோடைச் சேனல்காரர்கள் இன்று நாலு மணிக்குப் பார்க்கிறார்கள். போன தடவை பத்தாவது நிமிடத்தில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே மற்றவர்களும். இன்றைக்கும் எழுந்துவிட்டால் தொடருக்கான நேரம் ஒரு சமையல் நிகழ்ச்சிக்குப் போய்விடும்.

அந்தப் பயத்தில் செத்தவளின் முகத்தை நாலாவது நிமிடத்துக்கே கொண்டுவந்துவிட்டதாகக் குணாளன் சொன்னார். அது போதுமா என்றும் தெரியவில்லை.

பிலோமினா துணிகளை அவிழ்த்துவிட்டு, தேங்கிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேயை எந்த நிமிஷத்துல காட்டணும் மாஸ்டர்?"

"மேக்கப் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு மணி நேரம்."

"பாவம். செத்தும் அவளுக்கு ஓய்வில்ல."

பிறகு பிலோமினா துணிகளை மறுபடி கைகளில் சுற்றிக்கொண்டு மூலையில் மண்டியிட்டு, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினொரு படியையும் ஒரே மூச்சில் பதியப் போவதாகவும், படம் வேண்டாம், விளக்கும் வேண்டாம் என்றும் சொன்னார்.

விளக்கு அணைந்தது. வெளியே உச்சிவெயில். அது அந்த அறைக்குத் தெரியாது.

சளப்.

குணாளன் எண்ணினார். ஆறுக்குப் பிறகு இடைவெளி கூடியது. ஏழாவது கொஞ்சம் கிட்டே கேட்டது. எட்டு. ஒன்பது. பத்தாவது அவருடைய நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில். கணுக்காலில் ஏதோ சில்லென்றது. கால்களைத் தூக்கி மடக்கிக்கொண்டார்.

பதினொன்று வரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. "மாஸ்டர்?" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

விளக்கு எரிந்தது. பிலோமினா அந்த மூலையை விட்டு நகர்ந்திருக்கவில்லை. கைகள் மடியில் இருந்தன.

கடைசிப் படியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று குணாளன் கேட்டார். பதிலுக்கு பிலோமினா பதிவை ஓடவிட்டார்.

ஆறு காலடி. அப்புறம் குணாளனின் மூச்சு. நாற்காலி கிறீச்சிட்டது. கடைசியில் அந்த "மாஸ்டர்?"

மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் ஆறுதான்.

குணாளன் எடிட்டரைப் போனில் கூப்பிட்டார். நாலாவது நிமிட முகத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுத்து எங்கே வைக்க என்று எடிட்டர் கேட்க, எங்கேயும் வேண்டாம் என்றார்.

போனை வைத்தவர் குனிந்து பார்த்தார். நாற்காலியைச் சுற்றித் தரை உலர்ந்திருந்தது.

"அப்போ அந்த மிச்ச நாலு படி?"

"பத்து வருஷமா நானும் அதைப் பிடிக்கத்தான் பாக்குறேன் டைரக்டரே. மைக்குல விழமாட்டேங்குது."

பிலோமினா துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.