ஞாபகம் இல்லாத நீலவால்

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு பெண் எலிகள் ஒரே கூண்டில் இருந்தன. அடையாளத்துக்காக ஒன்றின் வாலில் நீல மை, மற்றதன் வாலில் பச்சை மை. அதனால் நீலவால், பச்சைவால் என்றே பெயராகிவிட்டது. ஒன்றின் வயிற்றில் தலைவைத்தால்தான் மற்றதற்குத் தூக்கம் வரும்.

ஒருநாள் ஆய்வாளர் மாதங்கி நீலவாலைத் தூக்கி ஒரு நீளமான பெட்டிக்குள் விட்டாள். ஒரு கோடியில் கம்பிக் கூடைக்குள் பச்சைவால். மறுகோடியில் இன்னொரு கூடைக்குள் முன்பின் தெரியாத ஓர் எலி.

மாதங்கியின் கையிலிருந்த ஸ்டாப்வாட்சுக்குத் தன்னைப்பற்றி ரொம்பப் பெருமை. "கேட்டுக்கொள்," என்றது. "பழகியவளை ஞாபகம் இருந்தால் நீ புதியவளைத் தேடிப் போவாய். பழையவளையே மோந்துகொண்டு நின்றால் உனக்கு ஞாபகம் இல்லை என்று அர்த்தம். ஞாபகம் இல்லாதவர்களுக்கு ஊசி அறை. அங்கே போனவர் யாரும் பழைய கூண்டுக்குத் திரும்பியதில்லை."

நீலவாலும் புதியவள் பக்கம் நடக்கத்தான் செய்தது. ஆனால் பச்சைவால் தனியாக இருந்து பழகியதே இல்லை, பாவம். கூடை முழுக்க ஸ்பிரிட் நெடி வேறு. அது நடுங்குவதைக் கண்டதும் நீலவாலுக்கு மனசு கேட்கவில்லை. ஓடிவந்து கம்பியோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"இங்கதாண்டி இருக்கேன்," என்றது.

நேரம் முடியும்வரை நகரவில்லை.

"இதுக்கு ஞாபகமே இல்லையே," என்று மாதங்கி உச்சுக்கொட்டினாள்.

அடுத்து பச்சைவாலின் முறை. இப்போது கூடைக்குள் நீலவால். பெட்டியில் விட்டதுமே பச்சைவால் நேராக அதனிடம் ஓடிவந்தது.

"இங்க வராதே. அந்தப் புதுசுகிட்ட போ," என்றது நீலவால்.

"உன்னை விட்டுட்டா?"

"ஆமா. இந்தப் பக்கம் திரும்பவே கூடாது. திரும்பினா உன்னையும் ஊசி அறைக்கு அனுப்பிடுவாங்க."

பச்சைவால் நகரவில்லை. நீலவால் கம்பி வழியாக மூக்கை நீட்டி அதைத் தள்ளிவிட்டது. கடைசியில் பச்சைவால் போயிற்று.

ஓடத் தொடங்கிவிட்டால் ஸ்டாப்வாட்சுக்கு எதுவும் காதில் விழாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மாதங்கிக்கு மகிழ்ச்சி. பச்சைவாலைப் பழைய கூண்டில் விட்டுவிட்டு, நீலவாலை ஊசி அறைக்குத் தூக்கிப் போனாள். வழியில் ஸ்டாப்வாட்சுக்கே மனம் இளகிவிட்டது.

"வருத்தப்படாதே. ஞாபகம் என்றால் என்னவென்று உன் தோழியைப் பார்த்துத் தெரிந்துகொள். புதியவளிடம் போனபிறகு ஒருமுறைகூட உன் பக்கம் திரும்பவில்லை, கவனித்தாயா?"

"கவனிச்சேன்," என்றது நீலவால். "நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது."