முதல்வரின் பங்களிப்பு

அந்த மருத்துவக் கல்லூரியில் யார் எலும்பை ஆராய்ந்தாலும் முதல்வர் ஞானசிகாமணிக்கு எலும்பில் ஆர்வம் வந்துவிடும். தோலை ஆராய்ந்தால் தோலில் வந்துவிடும். கட்டுரை அச்சேறும்போது முதல் பெயர் அவருடையதாக இருக்கும். நுண்ணுயிரியல் துறையின் இளம் ஆசிரியை செண்பகவல்லிக்கு இப்படி இரண்டு கட்டுரைகள் பறிபோய்விட்டன. இப்போது எழுதி முடித்திருக்கும் மூன்றாவதிலும் முதல் பெயர் போனால் அவளுடைய பதவி உயர்வும் போய்விடும். முதல்வரைத் தனியே பார்த்துக் கெஞ்சியதில் நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

ஆய்வுக்குழுக் கூட்டத்தில், எல்லாப் பேராசிரியர்கள் முன்னாலும் முதல்வர் கேட்டார்: "என்னம்மா, என் பேரைப் போட்டாச்சா?"

"போட்டுடலாம் சார். ஆனா பேர் போடறவங்க ஆய்வுக்கு ஏதாவது பங்களிச்சிருக்கணும்னு பத்திரிகைக்காரங்க சொல்றாங்க. கட்டுரையைப் படிச்சீங்களா சார்?"

"வரி விடாம படிச்சேன். என்ன குறையுதுன்னு சொல்லு, நானே தர்றேன்."

"நோயில்லாத பெரியவர் ஒருத்தரோட பரிசோதனை மாதிரி மட்டும் குறையுது சார்."

"இவ்வளவுதானா? இப்பவே எடுத்துக்கோ." முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக் கையை மேஜைமேல் நீட்டினார்.

செண்பகவல்லி பையிலிருந்து மூடி போட்ட சின்ன டப்பாவை எடுத்து அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரத்தம் வேண்டாம் சார். நம்ம ஆராய்ச்சி குடல் புழுவைப் பத்தினது. நாளைக்குக் காலையில எழுந்ததும் மலம் மட்டும் இதுல கொண்டு வந்தா போதும்."

எலும்பு மருத்துவருக்கு இருமல் வந்தது. தோல் மருத்துவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல்வர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார்.

"பொதுவா குடல் பக்கம் நான் போறதில்லம்மா. உன் பேரே இருக்கட்டும்."